ட்ரெஸுக்கு ஒரு நிலா: கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராமில் புதுத் துணைக்கோள் சேர்ப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ராக்கெட் கட்டி விண்வெளிக்குப் போகும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராமில் ட்ரெஸ் என்றொரு குறுங்கோள் உண்டு. நிஜச் சூரியக் குடும்பத்தின் சீரிஸுக்கு ஈடாக வைத்தது. ஆரம் 138 கி.மீ., ஈர்ப்பு, விளையாட்டின் பூமியான கெர்பினில் ஒன்பதில் ஒரு பங்குதான். சீரிஸுக்கு நிலா இல்லை, ட்ரெஸுக்கும் இல்லை. ஒருமுறை இறங்கிக் கொடி நட்டுவிட்டால் மறுபடி போகக் காரணம் கிடைக்காத இடம் என்று ஆட்டக்காரர்களிடையே அதற்கு ஒரு கெட்ட பெயர். அந்த ட்ரெஸைச் சுற்றிவர ஒரு சிறு நிலாவைச் சேர்ப்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட வேலை. நிலாவின் பெயர் கடுகு.

களம் இது: விளையாட்டின் முதல் பாகம், கடைசிப் பதிப்பான 1.12.5. அதன் மேல், கோள்களைச் சேர்க்கவும் மாற்றவும் உதவும் கோப்பர்னிகஸ் என்ற மோட் (விளையாட்டோடு இணைக்கும் சேர்க்கை நிரல்), அதற்குத் துணையாக மாட்யூல் மேனேஜரும் மாடுலர் ஃப்ளைட் இன்டகிரேட்டரும். மோட்களை நிறுவும் கருவியான சீகேன் வழியாக நிறுவினால் இந்தத் துணைத் தேவைகள் தாமாக வந்துவிடும். கையால் நிறுவுகிறவர்கள் கோப்பர்னிகஸின் பதிப்பு விளையாட்டின் பதிப்போடு பொருந்துகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பொருந்தாவிட்டால் கான்ஃபிக் (நிலாவின் விவரங்களை எழுதும் ஃபைல்) எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. 2023இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு இங்கே சொல்வது எதுவும் செல்லாது.

ஃபைலில் எழுதும் சொற்களை இங்கே ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். ஃபைலில் அவை ஆங்கிலத்தில், பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாமல், சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லாமல் வரவேண்டும்.

ஒரே நிலா, இரண்டு உடல்

கான்ஃபிக்கைத் திறப்பதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு கோளும் இரண்டு தனித்தனி உருவங்களாக இருக்கிறது. தூரத்திலிருந்தும் வரைபடத் திரையிலும் தெரிவது, 6000இல் ஒரு பங்காகச் சுருக்கிய தனி வெளியில் மிதக்கும் ஒரு சிறு உருண்டை. அதன் மேல் ஒரு வண்ணப் படமும், மேடு பள்ளத்தின் ஒளி நிழலைக் காட்டும் ஒரு நார்மல் படமும் ஒட்டியிருக்கும். கிட்டே போனதும் அந்த உருண்டை மங்கி மறைய, அதன் இடத்தில் பிக்யூஎஸ் என்கிற நிலப்பரப்பு எழும். அது ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களைக் கோளமாக ஊதி, கலம் நெருங்க நெருங்க ஒவ்வொரு சதுரத்தையும் நான்காகப் பிளந்துகொண்டே போகும் பரப்பு. கால் பதிவதும் கலம் மோதுவதும் இதில்தான்.

இரண்டும் ஒரே நிலா என்பது ஆட்டக்காரரின் நம்பிக்கை மட்டுமே; விளையாட்டுக்கு அப்படி ஒரு எண்ணம் கிடையாது. தூரத்து உருண்டையில் பள்ளம் வரைந்து, கிட்டத்துப் பரப்பில் அங்கே மலையை வைத்தால் அது வாய் திறக்காது. கோள் மோட்களில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு உடல்களும் ஒன்றுக்கொன்று பொய் சொல்வதால் வருபவை. அவற்றுக்கு விளையாட்டின் பதிவேடான லாகில் ஒரு சிவப்பு வரிகூட விழாது.

காகிதக் கணக்கு

புதியவர்கள் ஃபோட்டோஷாப்பில் தொடங்குவார்கள். தொடங்கவேண்டிய இடம் கால்குலேட்டர்.

கடுகின் ஆரம் 18,000 மீட்டர். மேற்பரப்பு ஈர்ப்பு, கெர்பினை 1 என வைத்தால், 0.006. அதாவது நொடிக்கு நொடி 0.0588 மீட்டர். இந்த இரண்டு எண்ணிலிருந்து மற்றதெல்லாம் பிறக்கும். தப்பும் வேகம் நொடிக்கு 46 மீட்டர். தரையை உரசிக்கொண்டு சுற்றுவதற்கான வேகம் சுமார் 32.5 மீட்டர், மணிக்கு 117 கி.மீ. மேடேறிப் பறக்கும் ரோவர் இந்த வேகத்தைத் தொட்டால் கீழே வர நெடுநேரம் ஆகும். 100 மீட்டர் உயரத்தில் எஞ்சினை அணைத்தால் தரை தொட 58 நொடி. தொடும்போது வேகம் நொடிக்கு 3.4 மீட்டர்தான். இறங்குவது எளிது, நிற்பதுதான் கடினம். லேண்டர் துள்ளித் துள்ளிப் போகும். இது வேண்டாம் என்றால் ஈர்ப்பை இப்போதே உயர்த்திக்கொள்ள வேண்டும். வெளியிட்ட பிறகு உயர்த்தினால் ஏற்கெனவே அங்கே சுற்றிக்கொண்டிருப்பவர்களின் கலங்கள் எல்லாம் தடம் மாறும்.

அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11.7 கிராம் வருகிறது. ஈயத்துக்கு நிகரான எடையில் ஒரு நிலாவா என்று பதறவேண்டாம். கெர்பல் உலகம் நிஜத்தைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆரத்தில், ஆனால் அதே ஈர்ப்போடு செய்தது. ஆகவே எல்லாமே அசாத்திய அடர்த்தி. கெர்பினின் அடர்த்தி 58 கிராம். நிஜ உலகின் மிக அடர்த்தியான தனிமமான ஆஸ்மியமே 22.6தான். கடுகு அந்த ஊர்க் கணக்கில் லேசான கல்.

அடுத்தது சுற்றுப்பாதை. புதியவர்கள் கவனிக்காமல் விடும் எண் ஈர்ப்பு எல்லை. இந்த விளையாட்டில் கலம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விண்பொருளின் ஈர்ப்பைத்தான் உணரும். எல்லையைத் தாண்டியதும் ஒன்று அணைந்து மற்றது எரியும். எல்லையின் ஆரம் வரும் வழி: நிலாவின் நிறையைத் தாய்க்கோளின் நிறையால் வகுத்து, அதை 2/5 அடுக்கேற்றி, அரைப் பேரச்சால் (நீள்வட்டப் பாதையின் நீள அச்சில் பாதி) பெருக்கு. சூத்திரம் சரிதானா என்று கெர்பினின் நிலாக்களில் ஒன்றான மின்மஸை வைத்துப் பார்க்கலாம். அதன் நிறை கெர்பினில் 2000இல் ஒரு பங்கு, அரைப் பேரச்சு 47,000 கி.மீ.; விடை 2,247 கி.மீ. விளையாட்டில் இருப்பதும் அதுவே.

கடுகின் நிறை ட்ரெஸில் 0.000887 பங்கு. 2/5 அடுக்கேற்றினால் 0.06015. அரைப் பேரச்சை 3,500 கி.மீ. என வைத்தால் ஈர்ப்பு எல்லை 210 கி.மீ.; ஆரத்தைப் போல் பன்னிரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, தாராளம். ட்ரெஸின் சொந்த எல்லையோ 32,800 கி.மீ., ஆக வெளியே வழியவும் இல்லை. சுற்றுக்காலம் 2,80,700 நொடி, ஆறு மணி நேரக் கெர்பின் நாளில் கிட்டத்தட்ட 13 நாள்.

இப்போது ‘ட்ரெஸின் வானத்தில் நிலா பெரிதாகத் தெரியட்டும்’ என்ற ஆசையில் அதை 300 கி.மீ.க்கு இழுத்து வைத்தால் என்ன ஆகும்? எல்லை 18.04 கி.மீ.க்குச் சுருங்கும். ஆரம் 18. அடித்தரைக்கு மேல் 40 மீட்டர்தான் நிலாவின் ஆட்சி. மலை உச்சிகள் எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிவர முடியாது, கலம் அதன் பிடிக்குள் வரும்போது ஏற்கெனவே பாறையில் இருக்கும். விளையாட்டு இதையும் தடுக்காது. எல்லையைக் கையால் எழுதிப் பெரிதாக்க ஒரு வரி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கள்ளக் கணக்கை வேறு வழியே இல்லாதபோது மட்டும் போடவேண்டும்.

பாதையின் மற்ற எண்கள்: மையத்தொலைத்தகவு 0.05, சாய்வு 8 பாகை, தொடக்க இடம் 2.0. இந்தக் கடைசி எண் ரேடியனில் போகிறது, மற்றக் கோணங்கள் பாகையில். இங்கேதான் பலருக்குச் சறுக்கும். 90 பாகை என்று நினைத்து 90 என எழுதினால் விளையாட்டு அதை 90 ரேடியனாக எடுத்து, முழுச் சுற்றுகளைக் கழித்து, நிலாவை ஏறத்தாழ 117 பாகையில் வைக்கும். பிழைச் செய்தி கிடையாது. எண் 6.28ஐத் தாண்டினால் பாகையை எழுதிவிட்டோம் என்று அர்த்தம். பாகையிலேயே எழுதவேண்டும் என்றால் அதே சொல்லின் கடைசியில் பெரிய ‘டி’ சேர்த்த வடிவம் இருக்கிறது.

கோள்கள் இங்கே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒன்றை ஒன்று இழுப்பதில்லை, எனவே எவ்வளவு அபத்தமான பாதையும் நூறு ஆண்டு நிற்கும். பிரின்சிபியா மோட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அது எல்லா ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிடுவது. ஜூல் என்ற பெருங்கோளின் நிலாக்களே அதில் நிலைக்காது என்பதால் அவற்றின் பாதையை மாற்றித்தான் தருகிறது.

ஃபோல்டரும் கான்ஃபிகும்

கேம்டேட்டா ஃபோல்டருக்குள் ‘கடுகு’ என ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர். அதற்குள் கான்ஃபிக் ஃபைல், அதன் பக்கத்திலேயே ‘ப்ளகின்டேட்டா’ என்ற துணை ஃபோல்டர். படங்கள் அந்தத் துணை ஃபோல்டருக்குள் போகவேண்டும். விளையாட்டு தொடங்கும்போது கேம்டேட்டாவில் கண்ணில் படும் எல்லாப் படங்களையும் நினைவகத்தில் ஏற்றிவிடும், ப்ளகின்டேட்டா என்ற பெயருள்ளவற்றை மட்டும் தொடாது. அங்கே வைத்த படங்களைக் கோப்பர்னிகஸ் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். அதே காரணத்தால் கான்ஃபிக் ஃபைலை அங்கே வைத்துவிட்டால் அதை யாரும் படிக்கமாட்டார்கள், நிலா வராது.

கான்ஃபிக்கின் முதல் வரி ‘கோப்பர்னிகஸ்’ என்ற வேர். அதன் முன்னால் ‘அட்’ (@) குறி, பின்னால் ‘ஆஃப்டர், கோப்பர்னிகஸ்’ என்ற நிபந்தனை. அந்த ‘அட்’ குறிக்கு ‘இருப்பதைத் திருத்து’ என்று பொருள். அதை விட்டால் மாட்யூல் மேனேஜர் புதிதாக இன்னொரு வேரை உண்டாக்கும். கோப்பர்னிகஸ் முதல் வேரை மட்டும் படித்துவிட்டுப் போய்விடும். விளையாட்டு நன்றாக ஓடும். நிலா மட்டும் இருக்காது.

உள்ளே ‘பாடி’ என்ற பிளாக். பெயர் வரியில் ஆங்கில எழுத்துகள் மட்டும், இடைவெளி வேண்டாம். அடுத்து ‘டெம்ப்ளேட்’: ஏற்கெனவே உள்ள எந்தக் கோளின் நகலிலிருந்து தொடங்குவது என்பது. கடுகுக்கு கில்லி என்ற சிறு நிலாதான் சரி. ஆரம் 13 கி.மீ., அளவில் மிக நெருக்கம். மன் நிலாவை டெம்ப்ளேட்டாக எடுப்பவர்கள் அதிகம். அப்படி எடுத்தால் 200 கி.மீ. ஆரத்துக்கு வகுத்த நேர விரைவு வரம்புகளும் உருண்டை மறையும் உயரமும் 18 கி.மீ. கல்லுக்கு அப்படியே வந்து சேரும். மன்னின் பள்ளங்களும் கல் வளைவுகளும்கூட வரும். எதை எடுத்தாலும், பரப்புக்கு வடிவமும் நிறமும் தரும் துண்டுகளான பிக்யூஎஸ் மோடுகளை அகற்ற, ‘எல்லா பிக்யூஎஸ் மோடுகளையும் நீக்கு’ என்ற வரிக்கு ‘ட்ரூ’ கொடுத்து, பரப்பை வெறுமையாக்கிக்கொண்டு தொடங்குவது நல்லது.

‘ப்ராப்பர்டீஸ்’ பிளாக்கில் ஆரம் 18000, ஈர்ப்பு 0.006. நிறையையும் சேர்த்து எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். ஈர்ப்பு, நிறை, ஈர்ப்பு அளவுரு (நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கியது) மூன்றில் ஒன்று போதும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டைக் கொடுத்தால் எது வென்றது என்று தேடுவதில் ஒரு மாலை போகும். ‘டைடலி லாக்ட்’ ட்ரூ. தன் சுழற்சியும் சுற்றுக்காலமும் தாமாக ஒன்றாகிவிடும்.

நேர விரைவு வரம்புகள் எட்டு எண்கள்: 1 மடங்கிலிருந்து 1,00,000 மடங்குவரை ஒவ்வொன்றும் எந்த உயரத்துக்கு மேல் அனுமதி என்பது. கடுகுக்கு 0, 5000, 5000, 6000, 12000, 24000, 48000, 96000. மிக உயர்ந்த மலை 2,400 மீட்டர் என்பதால் 5000 பத்திரம். இதில் கஞ்சத்தனம் கூடாது. 5 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு 84 நிமிடம் ஆகும் இடம் இது. விரைவு இல்லாமல் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

‘ஆர்பிட்’ பிளாக்கில் தாய்க்கோள் ட்ரெஸ். இங்கே விளையாட்டின் உட்பெயர்தான் செல்லும். உதாரணமாக, நட்சத்திரத்தைச் சுற்ற வைப்பவர்கள் ‘கெர்பால்’ என்று எழுதினால் ஏற்றம் தோற்கும். அது ஆட்டக்காரர்கள் வைத்த செல்லப்பெயர். ஃபைலில் அது வெறும் ‘சன்’.

அடைப்புக் குறி ஒன்று விட்டுப்போனால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தவறான பிளாக்குக்குள் விழுங்கப்படும். குறிகளை நிறம் காட்டும் எடிட்டர் எதுவானாலும் சரி, நோட்பேடு வேண்டாம். ஏற்றம் தோற்றால் பார்க்கவேண்டியது விளையாட்டின் பெரிய லாக் அல்ல. லாக்ஸ் ஃபோல்டருக்குள் கோப்பர்னிகஸ் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு விண்பொருளுக்கும் தனி லாக் இருக்கும். கடுகின் லாக் எந்த வரியோடு நின்றதோ அதற்கு அடுத்த வரிதான் குற்றவாளி.

உயரப் படம்

இந்த வேலையின் இதயம் இது. நீள்சதுரச் சாம்பல் படம், அகலம் உயரத்தைப் போல் இரு மடங்கு. கறுப்பு தாழ்வு, வெளுப்பு உயர்வு. கடுகின் நடுக்கோட்டுச் சுற்றளவு 113 கி.மீ.; 2048 பிக்சல் அகலம் வைத்தால் பிக்சலுக்கு 55 மீட்டர். போதும். 4096 வைத்தால் 28 மீட்டராகும், ஆனால் நுணுக்கத்தைப் படத்தால் தருவது வீண் செலவு. ஏன் என்று பிறகு.

‘வெர்டெக்ஸ் ஹைட் மேப்’ மோடில் ‘டிஃபார்மிட்டி’ (கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள உயர வித்தியாசம்) 2400, ‘ஆஃப்செட்’ (முழுப் பரப்பையும் ஏற்றி இறக்கும் எண்) 0. கறுப்பு 18,000 மீட்டர் ஆரத்தில், வெளுப்பு 20,400இல். நடுச் சாம்பலைச் சராசரித் தரையாக வைக்க ஆஃப்செட்டை மைனஸ் 1200 ஆக்குவார்கள் சிலர். அதில் தவறில்லை, ஆனால் பள்ளத்தில் நிற்கும் கலத்தின் உயரமானி மைனஸ் காட்டும். இன்னொரு பக்க விளைவும் தெரிந்திருக்கட்டும்: உச்சியில் ஈர்ப்பு 22 சதவீதம் குறைவு. இவ்வளவு சிறிய பொருளில் மலை என்பது வெறும் அலங்காரம் அல்ல.

முதல் பெரிய கோளாறு படிக்கட்டு. 8 பிட் சாம்பலில் 256 நிலைகள்தாம். 2400ஐ 255ஆல் வகுத்தால் ஒரு நிலைக்கு 9.4 மீட்டர். மெல்லிய சரிவாக இருக்கவேண்டிய இடம் வயல் வரப்புபோல அடுக்கடுக்காக வரும்: சமதளம், திடீரென 9 மீட்டர் ஏற்றம், மறுபடி சமதளம். படத்தை 4096 ஆக்கினால் போகாது. படிகள் இன்னும் செங்குத்தாகும். மருந்து இரண்டு. டிஃபார்மிட்டியை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைப்பது ஒன்று. மற்றது, பெரிய உருவத்தை மட்டும் படத்தில் வைத்துவிட்டு, நுண்மேடுகளை ‘வெர்டெக்ஸ் சிம்ப்ளெக்ஸ் ஹைட்’ என்ற இரைச்சல் மோடிடம் விடுவது. அதன் டிஃபார்மிட்டி படியின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் படி மறையும். கடுகுக்கு 25 மீட்டர். அதன் ‘ஆர்டர்’ எண் (மோடுகள் இயங்கும் வரிசை) உயரப் படத்தினுடையதைவிடப் பெரிதாக இருக்கட்டும்: படத்துக்கு 20, இரைச்சலுக்கு 30, வண்ணத்துக்கு 100.

இரண்டாவது, உயரப் படத்தை டிஎக்ஸ்டி முறையில் சுருக்குவது. அந்த முறை 4க்கு 4 பிக்சல் கட்டங்களாக நிறத்தைத் தோராயமாக்கும். கண்ணுக்கு வண்ணத்தில் தெரியாத தோராயம், உயரத்தில் 220 மீட்டர் அகலமுள்ள சதுரத் திட்டுகளாக எழுந்து நிற்கும். உயரப் படம் சுருக்காத சாம்பல் படமாகவே இருக்கவேண்டும்.

மூன்றாவது தையல். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் நிலாவில் ஒரே கோடு. இரண்டின் சாம்பல் ஒத்துப்போகாவிட்டால் வடதுருவத்திலிருந்து தென்துருவம்வரை ஒரு மதில் நிற்கும். கிம்ப் என்ற படத் திருத்தியில் ‘ஆஃப்செட்’ கொடுத்துப் படத்தைப் பாதி அகலம் தள்ளினால் தையல் நடுவே வந்துவிடும். அங்கே தேய்த்துச் சரிசெய்து மறுபடி தள்ளிவிடலாம். துருவங்களிலும் இதே கதை, இன்னும் மோசமாக: மேல் வரிசையின் 2048 பிக்சலும் நிலாவில் ஒரே புள்ளி. அந்த வரிசை முழுக்க ஒரே சாம்பலாக இல்லையென்றால் துருவத்தில் நட்சத்திரம்போல் மடிப்புகள் விழும்.

பள்ளம் வரைவதற்கும் இந்த நீட்சிக் கணக்கு வேண்டும். செவ்வாயின் போபோஸில் ஸ்டிக்னி என்று ஒரு பள்ளம். சராசரி ஆரம் 11 கி.மீ. உள்ள நிலாவில் 9 கி.மீ. குறுக்களவு. கடுகுக்கும் அதுபோல் ஒரு பெருங்காயம் வேண்டும் என்று 12 கி.மீ. பள்ளம் திட்டமிட்டால், நடுக்கோட்டில் அது 217 பிக்சல் வட்டம். அதையே 60 பாகை அட்சத்தில் வைத்தால் உயரம் 217, அகலம் 434 உள்ள முட்டையாக வரையவேண்டும். வட்டமாகவே வரைந்தால் நிலாவில் அது கிழக்கு மேற்காக நசுங்கி நிற்கும். புது மோட்களின் துருவப் பகுதியை ஒரு பார்வை பார்த்தால் வரைந்தவருக்கு இது தெரியுமா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

உயரப் படம் ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஓர் உயரம்தான் தரும். ஆகவே குகை, தொங்குபாறை, இரண்டு உருண்டை ஒட்டிய வால்மீன் கழுத்து, இவை எதுவும் இந்த முறையில் வராது.

வண்ணமும் நார்மலும்

வண்ணப் படம் டிடிஎஸ் ஃபைல், டிஎக்ஸ்டி1. நார்மல் படம் டிஎக்ஸ்டி5, அதிலும் சிவப்பின் மதிப்பை ஆல்ஃபாவுக்கு நகர்த்திய வடிவம். 2048க்கு 1024 அளவில் முதலாவது 1 எம்பி, இரண்டாவது 2 எம்பி, சிறுத்த நகல்களுக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு. உயரப் படம் 2 எம்பி. மொத்தக் கடுகும் 10 எம்பிக்குள் அடங்கும். 8192 அகலத்தில் சுருக்காத ஒற்றைப் படம் மட்டும் 128 எம்பி. தூரத்து உருண்டை திரையில் கட்டைவிரல் அளவுதான் தெரியப்போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அளவைத் தேர்ந்தெடுங்கள்.

டிடிஎஸ் ஃபைலை இந்த விளையாட்டு தலைகீழாகப் படிக்கும். எனவே சேமிக்கும் முன் படத்தை மேல் கீழாகப் புரட்டவேண்டும். உயரப் படம் பிஎன்ஜியாக இருந்தால் புரட்டக்கூடாது. இந்த வித்தியாசத்தை மறந்தால் வடபாதியின் பள்ள நிழல் தென்பாதியின் சமதளத்தில் விழுந்திருக்கும். தூரத்து உடலும் கிட்டத்து உடலும் முரண்படுவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. இன்னொரு அடையாளம்: பள்ளங்கள் எல்லாம் கொப்புளம்போல் வெளியே புடைத்துத் தெரிவது. அது நார்மல் படத்தின் பச்சை தலைமாறியிருப்பது. பச்சையை மட்டும் எதிராக்கினால் சரியாகும்.

நார்மல் படத்தைக் கையால் செய்வதைவிட, உயரமும் இரைச்சலும் சேர்ந்த பரப்பிலிருந்து எடுப்பதே சரி. கிட்டோப்பியா என்ற கருவி விளையாட்டுக்குள்ளேயே திறந்து, நிலப்பரப்பைப் படித்து வண்ணம், உயரம், நார்மல் மூன்றையும் ஏற்றுமதி செய்யும். அப்போதுதான் இரண்டு உடல்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாகும்.

லினக்ஸில் ஆடுபவர்களுக்கு ஒரு வரி: படத்தின் பாதையில் ஓர் எழுத்து பெரிதா சிறிதா என்பது விண்டோஸில் பொருட்டல்ல, லினக்ஸில் உயிர். செய்தவருடைய கணினியில் அழகாகத் தெரிந்த நிலா இன்னொருவரிடம் மொட்டை உருண்டையாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பயோம் படம், அதாவது நிலாவை அறிவியல் பகுதிகளாகப் பிரிக்கும் படம், சின்ன வேலை. 1024க்கு 512, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தட்டையான நிறம். தூரிகை அல்ல, பென்சில் கருவி; ஓரம் மிருதுவாக்குதல் அணைந்திருக்கவேண்டும், சுருக்கம் கூடாது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே ஓரம் மிருதுவானால் அங்கே ஊதா பிறக்கும்; பட்டியலில் ஊதாவுக்கு ஒரு பயோம் இருந்தால் எல்லை நெடுக அந்தப் பயோம் நூல்போல் ஓடும், ஆட்டக்காரர்கள் அதில் நின்று அறிவியல் புள்ளி வாங்குவார்கள். கடுகுக்கு நான்கு போதும்: பெரும்பள்ளம், அதன் விளிம்பு, சமவெளி, துருவங்கள். தாழ்வெளிக்கும் உயர்வெளிக்கும் எல்லை 8000 மீட்டர்.

மாற்றியும் மாறாத மலை

கோள் மோட் செய்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது இது. உயரப் படத்தைத் திருத்திச் சேமித்து, விளையாட்டை மறுபடி ஏற்றி, போய்ப் பார்த்தால் தூரத்தில் பழைய வடிவம். கிட்டே போனதும் மலை இடம்பெயரும். படம் சேமிக்கப்படவில்லையோ, பாதை தவறோ என்று சந்தேகம் எங்கெங்கோ போகும்.

காரணம்: தூரத்து உருண்டையின் வடிவத்தை நிலப்பரப்பிலிருந்து கணக்கிடுவது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் கோப்பர்னிகஸ் முதல் முறை கணக்கிட்டதை ‘பின்’ என முடியும் ஒரு கேஷ் ஃபைலாகச் சேமித்து, அடுத்த முறைகளில் அதையே எடுத்துக்கொள்ளும். அந்த ஃபைலுக்கு உங்கள் திருத்தம் தெரியாது. உயரப் படம், டிஃபார்மிட்டி, இரைச்சல், எதைத் தொட்டாலும் கேஷை அழித்துவிட்டு ஏற்றவேண்டும். கான்ஃபிக்கில் கேஷ் ஃபைலின் இடத்தை மோடின் சொந்த ஃபோல்டருக்குள் குறித்துவிட்டால் தேடவேண்டியதில்லை. வெளியிடும்போது கடைசியாக உண்டான கேஷையும் சேர்த்தே அனுப்புங்கள், பயன்படுத்துபவரின் முதல் ஏற்றம் அவ்வளவு இழுக்காது. பழைய கேஷை அனுப்பிவிட்டால் அந்த இடம்பெயரும் மலை எல்லோருக்கும் போய்ச் சேரும்.

சோதனை

விளையாட்டின் தனி நகல் ஒன்றை, தேவையான மோட்கள் மட்டும் போட்டு, சோதனைக்கென வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மோட்களுடன் ஒவ்வொரு கமாவுக்கும் மறுபடி ஏற்றுவது பொறுமையைத் தின்னும். ட்ரெஸ்வரை ராக்கெட்டில் போகவும் தேவையில்லை. ஆல்ட், எஃப்12 அழுத்தினால் வரும் பெட்டியில் ‘சீட்ஸ்’, ‘செட் ஆர்பிட்’. அங்கே கேட்பது அரைப் பேரச்சு, மையத்திலிருந்து அளப்பது. 5 கி.மீ. உயரம் வேண்டுமென்று 5000 கொடுத்தால் கலம் நிலாவின் வயிற்றுக்குள் பிறந்து வெடிக்கும். கொடுக்கவேண்டியது 23000.

பார்க்கவேண்டிய இடங்கள்: இரண்டு துருவம், 180 பாகைத் தையல் கோடு, மிக உயர்ந்த சிகரம், பெரும்பள்ளத்தின் அடி. ஒவ்வொன்றிலும் கலத்தை இறக்கி, ஒரு கெர்பலை வெளியே விட்டு, நிழல் இருக்கும் பக்கம் சரிதானா என்று பாருங்கள். பிறகு நல்ல உயரத்திலிருந்து மெல்ல இறங்கி, உருண்டை மறைந்து நிலம் எழும் தருணத்தைக் கவனியுங்கள். அந்த மாற்றத்தில் ஏதாவது துள்ளினால் கேஷுக்கோ புரட்டலுக்கோ திரும்பிப் போகவேண்டும்.

சேவ் ஃபைலும் ஜிப்பும்

சேவ் ஃபைலில் கலம் எந்தக் கோளைச் சுற்றுகிறது என்பது ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. சூரியன் 0, கெர்பின் 1, மன் 2, இப்படி ட்ரெஸ் 15, ஈலூ 16. புது நிலாவுக்கு ‘ஃப்ளைட் குளோபல்ஸ் இன்டெக்ஸ்’ என்ற வரியில் வேறு மோட் எதுவும் பயன்படுத்தாத ஓர் எண்ணைக் கொடுத்து, அதை எந்தப் பதிப்பிலும் மாற்றாமல் விடவேண்டும். அவுட்டர் பிளானட்ஸ் போன்ற பெரிய மோட்களோடு சேர்த்து ஆடுவது சகஜம் என்பதால், அவற்றின் கான்ஃபிக்கைத் திறந்து எண்களைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. எண் மாறினால் கடுகைச் சுற்றிய நிலையம் வேறெங்காவது முளைக்கும்.

நடப்பு ஆட்டத்தில் நிலாவைச் சேர்ப்பதால் பெரிய ஆபத்து இல்லை. நீக்குவதுதான் ஆபத்து. அங்கே இருக்கும் கலங்கள் தாய்க்கோள் இல்லாமல் போகும். ஆகவே விவரக் குறிப்பின் முதல் வரி ‘சேவ் ஃபோல்டரை நகலெடுத்து வையுங்கள்’ என்றிருக்கட்டும்.

ஜிப்பில் போகவேண்டியவை: கேம்டேட்டாவும் அதற்குள் கடுகு ஃபோல்டரும், உரிம ஃபைல், பொருந்தும் பதிப்பு எண், புதிய கேஷ். போகக்கூடாதது கோப்பர்னிகஸின் நகல். அதைச் சேர்த்துக் கட்டினால் பயன்படுத்துபவரிடம் இருக்கும் புதிய பதிப்பின் மேல் பழையது போய் உட்காரும், அவருடைய மற்றக் கோள்களும் அதோடு போகும். தேவை என்று மட்டும் குறித்துவிட்டால் சீகேன் பார்த்துக்கொள்ளும்.